பெயர் எழுதாத மெழுகுதிரி

அன்டனின் மெழுகுதிரி மறுபடியும் சாய்ந்திருந்தது.

காலையில் விளக்கைப் போட்டதும் கோரின் முதலில் பார்ப்பது அதைத்தான். பட்டறையின் கிழக்கு மூலையில், மாதா சுரூபத்துக்குக் கீழே ஓர் அலமாரிப் பலகை. அதில் வெள்ளை மெழுகுதிரிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் தங்க எழுத்தில் ஒரு பெயர். எதுவும் ஒருமுறைகூட ஏற்றப்பட்டதில்லை. பலகைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் அன்டன் நிற்கும் முனையில் வளைந்து மேலேறுகிறது. வெளியே குளிர் ஏற ஏற, உள்ளே அந்தக் குழாய் கொதிக்கும். மெழுகு இளகும். திரி சாயும். காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது எப்போதும் கோரினின் மேஜைப் பக்கமே சாய்வானேன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்து, கழுத்து நிற்காத பிள்ளையை நிமிர்த்துவதுபோல் மெதுவாக நிமிர்த்தி வைத்தாள்.

மினசோட்டாவின் அந்தப் பால்பண்ணைச் சீமையில் வென்டலின் ஒரு சின்ன ஊர். ஒரு கோயில், இரண்டு மதுக்கடை, கூல்மன் மெழுகுதிரிப் பட்டறை. சுற்றியுள்ள கத்தோலிக்கக் கோயில்களின் பீடங்களில் எரிவதெல்லாம் கூல்மன் திரிதான். முதலாளி ஆல்வின் கூல்மனுக்கு எழுபது வயது. வேலையாட்களில் யாருக்காவது குழந்தை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்தால், ஞானஸ்நான மெழுகுதிரியை அவரே தன் கையால் வார்ப்பார். பிள்ளை பிறந்ததும் அதில் பெயர் எழுதுவது கோரினின் வேலை. ஊசியால் எழுத்தைக் கீறி, பள்ளத்தில் தங்கப்பூச்சு நிரப்புவாள். கோயிலில் தண்ணீர் ஊற்றும்போது அந்தத் திரியை ஏற்றுவார்கள். அதற்கு முன்பே பிள்ளை போய்விட்டால் திரி இந்தப் பலகைக்கு வந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அன்டனின் பெயரையும் அவளேதான் எழுதினாள்.

"இன்னிக்கும் உன் பக்கம்தான் பார்த்துக்கிட்டு இருந்தானா?" என்று கேட்டபடி மார்லிஸ் உள்ளே வந்தாள். சிவப்புச் சாயத் தொட்டி அவள் பொறுப்பு. விரல் பத்தும் எப்போதும் ரத்தத்தில் முக்கியது மாதிரி இருக்கும். "வெளிய என்னா குளிருடி! மூக்கைச் சிந்தினா கல்லா விழுது. நேத்து டாக்டர் என்ன சொன்னார்?"

"சாப்பாட்டு வேளையில சொல்றேன்."

"அப்ப நல்ல சேதி இல்ல."

சொன்னது சரிதான். மத்தியானம், உருளைக்கிழங்கும் கறியும் வேகவைத்த தட்டைச் சுடவைத்துக்கொண்டு இருவரும் ஒதுங்கி உட்கார்ந்தபோது கோரின் சொன்னாள்:

"இன்னொரு பிரசவத்தை என் இதயம் தாங்காதாம். அன்டன் சமயத்துல வீங்கினது இன்னும் முழுசா வத்தலையாம். அடுத்தது வந்தா நான் பிழைக்கிறது சந்தேகம், அதுவும் பிழைக்கிறது சந்தேகம்னு நேராவே சொல்லிட்டார்."

மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏதாவது வழி சொல்லியிருப்பாரே?"

"கருத்தடை மாத்திரை என் உடம்புக்கு ஆகாது. காப்பர்-டி வெச்சுக்கோன்னார். அதுக்குத்தான் அங்கிருந்தே பெண்கள் கிளினிக்குக்குப் போனேன். கம்ப்யூட்டர்ல இருந்த பொண்ணு கம்பெனி பேரைப் பார்த்ததும் மெதுவா சொன்னா, 'மேடம், உங்க முதலாளி இன்சூரன்ஸ்ல இதெல்லாம் வராது, கைக்காசுதான் போடணும்'னு. இதய மருந்து வருது, ஸ்கேன் வருது, செத்தா ஆஸ்பத்திரிச் செலவும் வரும். சாகாம இருக்கிறதுக்கு மட்டும் வராது."

"அப்ப உன் புருஷன் டுவெய்னுக்கு ஆபரேஷன் பண்ணிவிடு. கன்னுக்குட்டிக்குப் பண்றாப்ல அஞ்சு நிமிஷ வேலை."

"அதுக்கும் முதலாளியோட அதே கட்டுப்பாடுதான். ஆம்பளைக்கும் வராது. அவன் பால் லாரி ஓட்டுறவன், அவனுக்கு ஏது தனி இன்சூரன்ஸ்? என்னோடதுலதான் ஒட்டிக்கிட்டு இருக்கான். போதாக்குறைக்கு ஊசின்னாலே மயங்கி விழுவான்."

"நான் எட்டுப் பெத்தேன்," என்றாள் மார்லிஸ். "அதுல ரெண்டு பனிப்புயல்ல, ஒண்ணு கரண்ட் கட்ல. எங்க காலத்துல யாரும் கேக்கவும் இல்ல, சொல்லவும் இல்ல." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "ஆல்வின்கிட்டப் பேசிப் பாரேன். கெட்ட மனுஷன் இல்ல."

"கெட்ட மனுஷனா இருந்தா என்னைக்கோ சண்டை போட்டிருப்பேனே."

அதுதான் சிக்கல். அன்டன் போன சமயத்தில் ஆல்வின் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து வராந்தாவில் ஜெபமாலை உருட்டினார். இன்சூரன்ஸ் தவணை முழுவதையும் கம்பெனியே கட்டுகிறது. வேலையாளிடம் ஒரு பைசா பிடிப்பதில்லை. கருத்தடையையும் சேர்த்தே தீரவேண்டும் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தபோது, மனசாட்சி ஒப்பவில்லை என்று கோர்ட்டுக்குப் போன முதலாளிகளில் அவரும் ஒருவர். போன கோடையில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அன்று பட்டறையில் எல்லோருக்கும் ஆப்பிள் பை பலகாரம். கோரினும் ஒரு துண்டு சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் பேசி முடிக்கும்போது ஆல்வினே அந்தப் பக்கம் வந்தார். கோரினின் காலருகே இருந்த மெழுகுக் கட்டிப் பெட்டியைத் தானே தூக்கி நகர்த்தினார்.

"நீ கனமா எதையும் தூக்காதே, கோரின். ஒரு குரல் கொடு, பசங்க வருவாங்க." கண்ணில் நீர் கோக்க ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார்.

"இவருக்கு என்ன ஆச்சு?" என்றாள் கோரின்.

"வயசு," என்றாள் மார்லிஸ்.

*

வீட்டில் சோபாமேல் டுவெய்னின் தலையணை கிடந்தது. இலையுதிர் காலம் தொட்டு அவன் படுக்கை அதுதான். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. ஒருநாள் டிவி பார்த்தபடி அங்கேயே தூங்கிப்போனான், மறுநாளும் அப்படியே. பிறகு தலையணை வந்தது, அப்புறம் கம்பளி. இப்போது சமையலறையில் எதிரெதிரே வந்தால் இருவரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டுக்கொள்கிறார்கள். தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வீடு முழுக்க உலாவிக்கொண்டிருந்தது.

ஆறு வயது மகள் ப்ரிட்டா மேஜையில் தட்டு வைத்தாள். மூன்று பேருக்கு நான்கு கரண்டி.

"எதுக்குடி நாலாவது?"

"அன்டனுக்கு. அவன் இன்னிக்கு அழுதுக்கிட்டே இருக்கான்."

"அது கணப்பு அடுப்பு விசிறி சத்தம், செல்லம்," என்றான் டுவெய்ன். "பெல்ட் தேஞ்சு போச்சு. அப்பா மாத்திடறேன்."

விசிறி கீச்சிட்டது. நின்றது. மறுபடி கீச்சிட்டது. கோரின் காதைப் பொத்திக்கொள்ளாமல் இருக்கக் கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

குழந்தை படம் வரையப் போனபின் கிளினிக்கில் நடந்ததைச் சொன்னாள். டுவெய்ன் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டான்.

"வேற வேலை தேடலாமா, கோர்ரி?"

"இடையில இதய மருந்துக்கு எங்க போறது?"

"ஆணுறை..."

"அதை நம்பித்தானே ப்ரிட்டா வந்தா."

இரண்டு பேருக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது.

"கூட லாரி ஓட்டுற லெஸ்டர் இன்னிக்கும் அந்த ஏரிக் குடிசையை விலைக்குக் கேட்டான்," என்றான் டுவெய்ன், பேச்சை மாற்ற. உறைந்த ஏரியின் மேல் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தி, பனியில் துளைபோட்டு மீன் பிடிக்கிற சக்கர வீடு அது. அவன் அப்பா கட்டியது. உள்ளே அடுப்பு, இரண்டு பெஞ்சு, சுவர் நிறைய அவர் பிடித்த மீன்களின் படம். "என் பிணத்து மேலதான் தருவேன்னு சொல்லிட்டேன்."

அதை விற்கலாமே என்று கோரின் கேட்கவில்லை. கேட்காததை அவன் கவனித்தான். சோபாவுக்குப் போய்விட்டான்.

*

மறுநாள் காலை ஜெபத்துக்கு மணி அடித்தது. தொட்டிக்காரர்கள், திரி கட்டுகிறவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள் எல்லோரும் மாதா மூலையில் கூடினார்கள். கோயிலில் வருஷத்துக்கான திரிகளை மந்திரிக்கும் மெழுகுதிரித் திருநாள் நெருங்கிவிட்டதால் எல்லார் முகத்திலும் களைப்பு, துணியெல்லாம் தேன்மெழுகு வாசனை. ஜெபம் முடிந்ததும் ஆல்வின், "கொஞ்சம் நில்லுங்க" என்றார். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளை மெழுகுதிரியை எடுத்தார்.

"கதீட்ரலுக்குச் சரக்கு இறக்கப் போயிருந்தேன். அந்தப் பெண்கள் கிளினிக் வாசல்ல நம்ம கோரினைப் பார்த்தேன். சந்தோஷத்துல அழுதுக்கிட்டு வந்தா. நான் கூப்பிட்டுக் கலைக்கல. மூணு வருஷமா நாம எல்லாரும் கேட்ட ஜெபம் இது." திரியை உயர்த்திக் காட்டினார். "விடிகாலையிலேயே வார்த்தேன்."

திரியை அவள் கைகளில் வைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ பின்னாலிருந்து, "டுவெய்ன் சோபாவுலதான் படுக்கிறான்னு சொன்னாங்களே, சோபா நல்லா வேலை செய்யுது போல!" என்று கத்த, சிரிப்பு வெடித்தது.

மெழுகு இன்னும் ஆறவில்லை. உள்ளங்கையில் இளஞ்சூடு. அந்தச் சூடு கோரினுக்குத் தெரியும். அன்டனைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது இதே சூடுதான் இருந்தது. அவள் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறிப்போனான்.

"குழந்தை இல்ல," என்றாள்.

கைதட்டல் ஓயவில்லை. மார்லிஸ் மட்டும் சிவந்த கையை உயர்த்தி, "வாயை மூடுங்கடா!" என்று அதட்டினாள்.

"குழந்தை இல்ல, ஆல்வின். இனிமே குழந்தை வராம இருக்க என்ன பண்ணணும்னு கேக்கத்தான் போனேன். வந்தா நான் செத்துப்போவேன்."

ஆல்வின் அடிபட்டவர்போல நின்றார். பிறகு அவள் முழங்கையைப் பிடித்து, தேன்மெழுகு அடுக்கிய கிடங்குக்குள் அழைத்துப்போனார்.

"என்னை மன்னிச்சிடு. எல்லார் முன்னாலயும்... நான் ஒரு கிழட்டு முட்டாள்."

"மன்னிப்பு வேண்டாம். இன்சூரன்ஸ்ல அதைச் சேருங்க. எனக்கு ஒருத்திக்காவது."

அவர் கிடங்குக் கதவைச் சாத்தினார்.

"நான் உன்னைத் தடுக்கல, கோரின். என் கையால அதுக்குக் கொடுக்க மாட்டேன்னுதான் சொல்றேன்."

"நீங்க தர்ற சம்பளத்துல நான் பண்ணிக்கிட்டா?"

"அது உன் கை. உன் மனசாட்சி."

"என் கைதான் எட்டலையே!"

ஆல்வின் ஒரு மெழுகுக் கட்டிமேல் உட்கார்ந்தார். "என்னை வயித்துல வெச்சிருந்தப்போ எங்கம்மாகிட்டயும் டாக்டர் இதைத்தான் சொன்னார். இந்தப் பிள்ளை வேண்டாம், நீ பிழைக்க மாட்டேன்னார். அவ கேக்கல. என்னைப் பெத்தா. அன்னிக்கே போயிட்டா. அவ வேண்டாம்னு முடிவு பண்ணியிருந்தா உன் முன்னால உக்காந்திருக்கிற நான் இல்ல. அப்புறம் எப்படிம்மா நான் கையெழுத்துப் போடுவேன்? அவளைக் கொன்னுட்டுப் பிறந்தவன் நான். குறைஞ்சபட்சம் அவ பண்ணினது சரின்னாவது நான் சொல்ல வேண்டாமா?"

கோரினுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் அவளுக்கே பிடிக்கவில்லை.

"உங்கம்மா முகம் ஞாபகம் இருக்கா?"

"எப்படி இருக்கும்?"

"கூடப் பிறந்தவங்க?"

"பெரியவங்க நாலு பேர். ஆளுக்கொரு வீட்டுல வளர்ந்தாங்க." உட்கார்ந்திருந்த மெழுகை நகத்தால் கீறினார். "மூத்த அக்கா கடைசி வரைக்கும் என்கிட்டப் பேசல."

"எனக்கும் வீட்டுல ஒருத்தி இருக்கா, ஆல்வின். ஆறு வயசு."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உனக்காக ஜெபம் பண்றேன்," என்றார். உண்மையாகவே பண்ணுவார் என்று அவளுக்குத் தெரியும்.

மேஜைக்குத் திரும்பினாள். பெயரில்லாத திரி அவள் கையிலேயே இருந்தது. மார்லிஸ் அருகே வந்து, "கொடு, தொட்டியில போட்டு உருக்கிடறேன்," என்றாள்.

கோரின் தலையாட்டி மறுத்தாள். திரியைத் துணிமேல் கிடத்தினாள். ஊசியைச் சூடுபண்ணினாள். எழுத்தெழுத்தாகக் கீறி, தங்கம் நிரப்பி, மிச்சத்தைத் துடைத்தாள். அவள் எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான். பிறகு எழுந்துபோய், பலகையின் முனையில், அன்டனுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினாள்.

மார்லிஸ் படித்துவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வெள்ளைச் சட்டையில் சிவப்பு விரல் தடம் பதிந்தது.

*

திருநாளுக்கு முந்தின நாள் பங்குச்சாமியார் பட்டறைக்கு வந்து திரிகளை மந்திரிப்பது வழக்கம். கடைசியில் பலகையில் நிற்கும் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும், "ஆண்டவரே, உம் ஒளியில் சேர்த்தருளும்" என்று பதில் சொல்வார்கள். பழைய சாமியார் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த ஃபாதர் ப்ரெண்டன் இளைஞர். ஊரில் யார் பெயரும் இன்னும் அவருக்குப் பழகவில்லை. இரண்டு நாளாகச் சரக்கு ஏற்றும் வாசலிலேயே நின்றிருந்த ஆல்வின் காலை ஜெபத்துக்குக்கூடப் பலகைப் பக்கம் போகவில்லை. இப்போது தலைகவிழ்ந்து, கை கூப்பி, முன்வரிசையில் நின்றார்.

"ஜோசஃபின்," என்று படித்தார் சாமியார்.

"ஆண்டவரே, உம் ஒளியில் சேர்த்தருளும்."

"மத்தியாஸ்."

"ஆண்டவரே, உம் ஒளியில் சேர்த்தருளும்."

வரிசை நகர்ந்தது. தண்ணீர் தெளிக்கும் சத்தம். குழாயில் வெந்நீர் ஓடும் சத்தம்.

"அன்டன்."

கோரினின் உதடு மட்டும் அசைந்தது.

சாமியார் அடுத்த திரிமேல் தண்ணீர் தெளித்தார். குனிந்து படித்தார். நல்ல கணீர்க் குரல்.

"கோரின்."

யாரும் பதில் சொல்லவில்லை. ஆல்வினின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துச் சாமியார் இன்னும் உரக்க, இன்னும் கனிவாகச் சொன்னார்: "கோரின். இந்தச் சின்னப் பெண்ணையும் நினைச்சுக்குவோம்."

கோரின் மேலங்கியில் மெழுகுத் துளிகளோடு மூன்றாவது வரிசையில் நின்றிருந்தாள். தன் பெயரைச் செத்தவர்களின் வரிசையில் கேட்பது இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தாள். பயமாக இல்லை. வெகுநாளாகத் தெரிந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"ஆண்டவரே," என்று அவளே ஆரம்பித்தாள்.

"வேண்டாம்!" என்றார் ஆல்வின்.

பட்டறையே அவரைப் பார்த்தது. "வேண்டாம், ஃபாதர். அவ... அவ இங்கேதான் இருக்கா. உயிரோட இருக்கா." வாய் கோணியது. தொப்பியை எடுத்துக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல், உறைபனிக்குள் போய்விட்டார்.

அன்று மாலையே ஊர் முழுக்கச் செய்தி பரவியது. பால் இறக்கும் தொட்டியடியில் யாரோ டுவெய்னிடம் சொன்னார்கள்.

வீட்டுக்கு நேரம் கழித்து வந்தான். மீசையில் பனி. கையுறையைக் கழற்றாமலே மேஜைமேல் ஒரு பழைய மீன் படத்தை வைத்தான். அவன் அப்பா சிரித்துக்கொண்டு நிற்கிற படம்.

"இது மட்டும் எடுத்துக்கிட்டேன். மிச்சத்தை லெஸ்டர் இழுத்துக்கிட்டுப் போயிட்டான்."

"டுவெய்ன்..."

"வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருக்கேன். உனக்கில்ல, எனக்கு. உன்னை இதுவரைக்கும் வெட்டினதும் தைச்சதும் போதும்."

"ஊசி போடுவாங்களே."

"மயங்கினா நல்லதுதானே, வலி தெரியாது." சிரிக்கப் பார்த்தான். "கேவலமா இருந்துச்சு, கோர்ரி. உன் பேரைப் படிச்சாங்களாம். எவனோ வந்து எனக்குச் சொல்றான், நான் பால் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை உண்மையாகவே மயங்கினான். மார்லிஸ்தான் வண்டியோட்டினாள். திரும்பும் வழியெல்லாம் அவன் மடியில், வீக்கத்துக்கு ஒத்தடமாக, உறைந்த பட்டாணிப் பொட்டலம் இருந்தது. "எங்க வீட்டுக்காரனுக்கு இந்தப் பட்டாணியை முப்பது வருஷத்துக்கு முன்னாடியே வாங்கியிருக்கணும்," என்றாள் மார்லிஸ். இன்னும் சில மாதம் பொறுத்து, மறுபடி சோதித்துப் பார்த்த பிறகுதான் நிச்சயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அன்றைக்கே டுவெய்னின் தலையணை சோபாவிலிருந்து எழுந்து உள்ளே போனது. இருவரும் விறைத்தபடி பக்கத்தில் பக்கத்தில் படுத்து, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டார்கள். கணப்பு அடுப்புக்குப் புது பெல்ட் போட்டாகிவிட்டது. விசிறி சத்தமில்லாமல் சுற்றியது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் எதையோ தேடுவதுபோல் கோரின் விழித்துக்கொண்டே கிடந்தாள்.

திங்கட்கிழமை பட்டறையில் ஆல்வின் அவளுக்காகக் காத்திருந்தார். முகம் வற்றியிருந்தது.

"இன்சூரன்ஸ்ல ஒண்ணும் மாத்தல, கோரின். என்னால முடியல. உன்கிட்டப் பொய் சொல்லக் கூடாது."

"தெரியும்."

"அந்தத் திரியை... உருக்கிடலாம்னு ரெண்டு தடவை தொட்டிகிட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். போட முடியல, திரும்ப அங்கேயே வெச்சுட்டேன். பேரு எழுதினதை எப்படிக் கொதிக்கிறதுல போடுறது? நீயே எடுத்துடறியா?"

"நீங்க வார்த்தது, ஆல்வின். நீங்களே வெச்சிருங்க."

அவர் தலையசைத்தார். விளக்கைப் போட்டார்.

கோரின் பழக்கத்தில் கிழக்கு மூலைக்கு நடந்தாள், நிமிர்த்தி வைக்க. பலகைக்கு முன்னால் கை நீட்டியபடியே நின்றுவிட்டாள்.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அன்டனின் திரி அவள் மேஜைப் பக்கம் சாய்ந்திருக்கவில்லை. குழாய்ச் சூட்டில் இளகி, பக்கத்தில் அவள் பெயர் தாங்கி நின்ற திரிமேல் தலை சாய்த்திருந்தது. இரண்டும் தொட்ட இடத்தில் மெழுகு உருகி ஒட்டிப்போயிருந்தது.

பிரித்தால் இரண்டும் உடையும். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.